லொகேஷன்… யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரத்துக்கு?

ஆட்டோ முதல் ஆழ்கடல் வரை, நாம் இருக்கும் இடத்தைக் கேட்கும் செயலிகளை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள்?

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் முகவரிக்குக் கீழே இப்போது ஒரு கியூஆர் கோடும் அச்சாகிறது. ஸ்கேன் செய்தால் மண்டப வாசல் வரை வழி வந்துவிடும். "பஸ் ஸ்டாண்டுல இறங்கி நேரா வாங்க, வாட்டர் டேங்க் வந்ததும் இடது பக்கம் திரும்புங்க" என்று முகூர்த்த நாள் முழுக்கப் போனில் வழி சொன்ன சித்தப்பாக்களுக்கு அந்த வேலை குறைந்துவிட்டது. கூரியர்காரர், பிளம்பர், தண்ணீர் லாரி ஓட்டுநர், பெண் பார்க்க வரும் வீட்டார் என எல்லோரும் இன்று முதலில் கேட்பது, "லொகேஷன் அனுப்புங்க."

அதே வீடுகளில் வேறொன்றும் நடக்கிறது. மண்டபத்தின் லொகேஷனை ஐந்நூறு பேருக்கு அனுப்பிய அம்மா, போட்டோவை அழகாக்கும் ஒரு செயலி தன் இருப்பிடத்தைக் கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்துகிறார். ராத்திரி பஸ்ஸில் ஏறியதும் அப்பாவுக்கு லைவ் லொகேஷன் அனுப்பும் மகள், பகல் வேளையில் அதே அப்பா கேட்டால் முகம் சுளிக்கிறாள். பிரியாணி கொண்டுவரும் இளைஞர் எந்தத் தெருவில் வருகிறார் என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்த இளைஞர் நினைத்தாலும் வேலை நேரத்தில் தன் லொகேஷனை அணைக்க முடியாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண்பாடு. அந்தரங்கம் முக்கியம் என்று வாயால் சொல்லிவிட்டுச் சின்ன வசதிக்காக அதைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று மக்களைக் குறைசொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால், நம் ஊரில் எந்தச் சேவை நிலைத்தது, எதை மக்கள் கைவிட்டார்கள், எதை முணுமுணுத்தபடி சகித்துக்கொள்கிறார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், மக்களிடம் தெளிவான ஒரு கணக்கு இருப்பது தெரிகிறது. இதனால் என் வேலை முடிகிறதா? நான் இருக்கும் இடம் யாருக்குத் தெரியப்போகிறது? எதற்காக? எவ்வளவு நேரத்துக்கு? வேண்டாம் என்றால் நிறுத்த முடியுமா? இந்தக் கேள்விகளை மதித்த சேவைகள் வளர்ந்திருக்கின்றன. மதிக்காதவை மூடப்பட்டன; இல்லையென்றால் கட்டாயத்தின் பேரில்தான் ஓடுகின்றன.

செயற்கைக்கோளுக்கு நம்மைத் தெரியாது

1983 செப்டம்பர் 1 அன்று, வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜிபிஎஸ் அமைப்பு தயாரானதும் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனாலும், பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டது. சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் அந்தப் பிழையை நீக்கச் செய்தார். இன்று திறந்தவெளியில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டுகிறது என்றால், அதற்கான கதவு அன்று திறந்ததுதான்.

ஜிபிஎஸ் பற்றிப் பலரிடம் இருக்கும் ஓர் எண்ணத்தைச் சரிசெய்துகொண்டால், மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. அது நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் வானொலி நிலையம்போல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. நம் போன் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதுவரை அந்த விவரம் போனுக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்து இணையம் வழியாக வெளியே அனுப்புவது நாம் அனுமதி கொடுத்த செயலி. செல்போன் டவர் கதை வேறு: சிம் போட்ட போன் ஆன் ஆகியிருக்கும்வரை, எந்த டவரின் எல்லையில் இருக்கிறோம் என்பது போன் கம்பெனிக்குத் தெரியும்.

ஆக, இடத்தைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை. அதை இன்னொருவருக்குச் சொல்வது இன்னொரு வேலை. முதலாவதை மக்கள் யோசிக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவதில்தான் நிறுத்தி நிதானித்துக் கேள்வி கேட்கிறார்கள். 2003-ல் லூயிஸ் பார்க்கஸ், அனிந்த் டே என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு இந்த வேறுபாட்டை ஸ்மார்ட்போன் காலத்துக்கு முன்பே பதிவுசெய்தது. போன் தன் இடத்தைத் தானே அறிந்து செயல்படும் சேவைகளைவிட, மற்றவர் நம் இடத்தைப் பின்தொடரும் சேவைகளைப் பற்றியே மக்கள் அதிகம் கவலைப்பட்டார்கள்.

தோற்றவையும் ஜெயித்தவையும்

2009 பிப்ரவரியில் கூகுள் 'லாட்டிட்யூட்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. நண்பர்கள் ஒருவருக்கொருவர் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2013 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. அதே 2009-ல் வந்த ஃபோர்ஸ்கொயர், ஒரு கடைக்கோ உணவகத்துக்கோ போனால் 'செக்-இன்' செய்யச் சொன்னது; அடிக்கடி வருபவருக்கு அந்த இடத்தின் 'மேயர்' பட்டம் கொடுத்தது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால், பட்டம் பழகிப்போனதும் கூட்டம் கரைந்தது. அந்தப் பெயரில் இருந்த நகர வழிகாட்டிச் செயலி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் இருக்கும் நண்பர்களைக் காட்டும் ஃபேஸ்புக்கின் வசதி 2014-ல் வந்து 2022-ல் போய்விட்டது. பெரிய நிறுவனங்கள், பெரிய விளம்பரம், இலவசச் சேவை எல்லாம் இருந்தும் இவை நிலைக்கவில்லை.

அதே காலத்தில் இந்தியாவில் ஓலா 2010-ல் தொடங்கியது. ஊபர் 2013-ல் வந்தது. ஸ்விக்கி 2014-ல் வந்தது. இவையும் லொகேஷன் கேட்டன. மக்கள் கொடுத்தார்கள். காரணம் சிக்கலானதல்ல. ஆட்டோ வீட்டு வாசலுக்கு வர வேண்டும், சாப்பாடு சூடாக வர வேண்டும் என்றால் இடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்பதற்கான காரணம் கேட்கும் இடத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. வேலை முடிந்ததும் அந்தத் தேவையும் முடிந்துவிடுகிறது.

புதுத் தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இரண்டு அளவுகோல்களால் விளக்கினார். இது எனக்குப் பயன்படும் என்ற எண்ணம் ஒன்று. இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம் மற்றொன்று. இன்றும் இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் கோட்பாடு இது. பலர் கவனிக்கத் தவறும் அதன் முக்கியமான முடிவு: இரண்டில் பயனுக்குத்தான் வலு அதிகம். எளிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் உதவாத ஒன்றை யாரும் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை. உதவுகிறது என்றால், கொஞ்சம் சிரமமாக இருந்தாலும் கற்றுக்கொள்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக ஸ்மார்ட்போன் வாங்கிய பெரியவர்கள், பேத்தியிடம் நாலு தடவை கேட்டாவது ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ரயில் பெட்டியில் பரவிய செயலி

அந்த ரயில் செயலியின் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 'வேர் இஸ் மை டிரெயின்' பெங்களூரைச் சேர்ந்த சிக்மாய்டு லேப்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் உருவானது. 2018 டிசம்பரில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியபோது அதற்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்கள் இருந்தார்கள்.

ரயில் பயணத்தில் இன்டர்நெட் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். இரும்புப் பெட்டிக்குள் ஜிபிஎஸ் சிக்னல் பலவீனம். சார்ஜ் போடும் பிளக் எல்லோருக்கும் கிடைக்காது. இந்த மூன்று கஷ்டங்களையும் மனதில் வைத்துத்தான் அந்தச் செயலி கட்டப்பட்டிருந்தது. கால அட்டவணை போனுக்குள்ளேயே இருக்கும். ரயிலில் இருப்பவரின் போன் எந்த டவரைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதை வைத்து, இன்டர்நெட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலே ரயில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். தமிழிலும் பார்க்கலாம்.

அது பரவிய விதமும் கவனிக்க வேண்டியது. எவரெட் ரோஜர்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1962-ல் வெளியிட்ட நூலில், ஒரு புதுமை பரவுவதற்கு ஐந்து குணங்கள் உதவும் என்றார்: பழையதைவிட மேலாக இருப்பது, நம் வழக்கத்தோடு ஒத்துப்போவது, சிக்கல் இல்லாதது, சும்மா முயன்று பார்க்க முடிவது, அடுத்தவர் பயன்படுத்துவதைக் கண்ணால் பார்க்க முடிவது. ரயில் பெட்டி கடைசிக் குணத்துக்கே அமைந்த இடம். விடியற்காலையில் விழுப்புரம் தாண்டியதா என்று ஒருவர் கேட்க, எதிர் பெர்த்தில் இருப்பவர் போனைப் பார்த்து "இன்னும் இருபது நிமிஷம்" என்கிறார். சொன்னபடி ஸ்டேஷன் வருகிறது. கேட்டவர் இறங்குவதற்குள் அந்தச் செயலியைத் தன் போனிலும் ஏற்றிக்கொள்கிறார். கண் முன்னால் நிரூபணமானதை நம்பும் மக்கள் இவர்கள்.

சென்னையில் மாநகரப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் 'சென்னை பஸ்' செயலி 2022-ல் வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க உதவும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் வந்தது. இவற்றுக்கும் அதே சோதனைதான். நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு, திரையில் 'நான்கு நிமிடம்' என்று காட்டிய பஸ் நான்கு நிமிடத்தில் வர வேண்டும். இரண்டு முறை வராவிட்டால் மூன்றாவது முறை அவர் செயலியைத் திறக்க மாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பார்.

பிள்ளையார் கோவிலுக்கு எதிரில்

நம் ஊரில் முகவரி என்பது கதவு எண்ணோடு முடிவதில்லை. பழைய எண், புதிய எண், குறுக்குத் தெரு, அதிலும் இரண்டாவது குறுக்குத் தெரு. ஆகவே பிள்ளையார் கோவிலுக்கு எதிரில், ரேஷன் கடைக்குப் பின்னால், கரண்ட் ஆபீஸ் தாண்டி என்றுதான் வழி சொல்கிறோம். வெளிநாட்டுத் தெருக்களுக்காக எழுதப்பட்ட வரைபடச் செயலி இங்கே வந்தபோது தடுமாறியது இதனால்தான்.

பிறகு அது நம் வழிக்கு வர வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் கூகுள் மேப்ஸ் இருசக்கர வாகனங்களுக்கான தனி வழிகாட்டலை இந்தியாவில்தான் முதலில் அறிமுகப்படுத்தியது. 2018-ல் தமிழ் உள்ளிட்ட மேலும் ஆறு இந்திய மொழிகளில் குரல் வழிகாட்டல் வந்தது. 2024 ஜூலையில், மேம்பாலத்தில் ஏறுவதா கீழே போவதா என்று சொல்லும் வசதியும், கார் நுழைய முடியாத குறுகிய சந்துகளைத் தவிர்க்கும் வசதியும் அறிவிக்கப்பட்டன; சந்துகளைத் தவிர்க்கும் வசதி முதலில் வந்த நகரங்களில் சென்னையும் கோவையும் இருந்தன. மேம்பாலத்துக்கு மேலா கீழா என்று தெரியாமல் கிண்டியிலும் வடபழனியிலும் சுற்றி வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும், புக் செய்த ஆட்டோ ஓட்டுநர் போன் செய்து "எங்க சார் இருக்கீங்க?" என்று கேட்கிறார். வரைபடத்தில் புள்ளி தெரியும்போது ஏன் கேட்கிறார் என்று பலர் எரிச்சலடைகிறார்கள். அவர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் எதிரொலித்துப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். ஒருவழிப் பாதையின் எதிர்ப்பக்கம் நின்றால் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். புள்ளி சொல்லாததை ஒரு குரல் சொல்லிவிடும். பதினைந்து ஆண்டுகள் ஆட்டோ ஓட்டியவரின் ஊர் ஞானம் வரைபடத்தைச் சரிபார்க்கும் கருவி. அதற்கு இடம் கொடுக்கும் சேவைதான் இங்கே தாக்குப்பிடிக்கிறது.

வரைபடத்தை முழுதாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வழிகாட்டும் செயலி காட்டிய பாதையில் அவர்கள் வந்ததாக முதற்கட்டத் தகவல்கள் கூறின. அங்கே போதிய தடுப்பும் இல்லை. சாலையைப் பராமரிக்கும் துறையும் வரைபடம் தயாரிக்கும் நிறுவனமும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ள ஏற்பாடு இல்லாதபோது, அந்த இடைவெளியில் விழுவது பயணிகள். மேப் காட்டினாலும் டீக்கடையில் ஒருமுறை விசாரித்துவிட்டுப் போகும் நம் பழக்கம் நல்ல பழக்கம்.

கடல் கற்றுக்கொடுத்தது

இடத்தை அறிவதற்கும் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, தமிழகத்தில் யாரையும்விட வலியோடு அறிந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள். கரையில் தெரியும் மலையையும் தேவாலயக் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்துக் கடலடிப் பாறைகளைக் கண்டுபிடித்த பரம்பரை அவர்களுடையது. ஜிபிஎஸ் கருவி விலை குறைந்து கைக்கு வந்ததும், யாரும் பிரசாரம் செய்யாமலே அதை வாங்கிக்கொண்டார்கள். மீன் கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து மறுபடி அங்கேயே போகலாம். கரை திரும்ப வழி தெரியும். பயன் கண்ணெதிரே இருந்தது. குறித்துவைத்த இடம் தன் படகுக்குள்ளேயே இருந்தது. நல்ல மீன்பிடி இடத்தை அடுத்த படகுக்குச் சொல்லாமல் காப்பது அந்தத் தொழிலின் இயல்பு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அந்தக் கடலைப் புரட்டிப்போட்டது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. செல்போன் சிக்னல் கரையை ஒட்டிய சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். எச்சரிக்கை அவர்களைச் சென்று சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். படகில் ஜிபிஎஸ் இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வழி இல்லை.

ஒக்கிக்குப் பிறகு வந்த கருவிகள் அந்தக் குறையை நோக்கியே வந்தன. 2019 அக்டோபரில் அறிமுகமான 'ஜெமினி' கருவி, இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக வானிலை எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் போனுக்கு புளூடூத்தில் தரும். ஆனால், கடலிலிருந்து பதில் அனுப்ப அதனால் முடியாது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் வந்த டிரான்ஸ்பாண்டர்கள் இருவழியிலும் பேசும். ஆபத்தில் இருக்கும் படகு தன் இடத்தோடு கரைக்குச் செய்தி அனுப்பலாம். 2024 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கு இவற்றைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பங்குதாரர்களோடு உருவாக்கிய மீனவர் செயலி, அலையின் உயரம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி ஆகியவற்றோடு, சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கையும் தருகிறது. ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு அந்த எச்சரிக்கை சிறைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம்.

படகில் கருவி பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. அது அனுப்பும் தகவல் யாரிடம் போகிறது, ஆபத்து நேரத்தில் மட்டும் பார்க்கப்படுமா, எப்போதும் பார்க்கப்படுமா, மீன்பிடித்த இடம் வெளியே தெரியுமா என்று மீனவர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அரசுக்குக் கடமை உண்டு. உயிரைக் காப்பதற்காகக் கொடுத்த இடம் உயிரைக் காக்கத்தான் பயன்பட வேண்டும்.

மகள் அனுப்பும் எட்டு மணி நேரம்

வாட்ஸ்அப் 2017 அக்டோபரில் லைவ் லொகேஷனைக் கொண்டுவந்தது. 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று கால அளவுகள்தான். நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். நடுவிலும் நிறுத்தலாம். யாருக்கு அனுப்புகிறோமோ அவருக்கு மட்டும் தெரியும். லாட்டிட்யூட் தோற்ற இடத்தில் இது நம் குடும்பங்களின் அன்றாடமாகிவிட்டது. நண்பர்கள் எல்லோரும் எப்போதும் பார்க்கலாம் என்பதற்கும், இந்தப் பயணம் முடியும்வரை அப்பா பார்க்கலாம் என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் காரணம்.

நம் மக்கள் இடத்தைக் கைமாற்றாகத்தான் கொடுக்கிறார்கள். தெரிந்தவருக்கு, ஒரு காரியத்துக்கு, சில நாளைக்கு, திரும்பி வரும் என்ற நம்பிக்கையில். 2005-ல் சன்னி கன்சோல்வோவும் சக ஆய்வாளர்களும் இதையே வேறு மொழியில் கண்டறிந்தார்கள்: ஒருவர் தன் இடத்தைச் சொல்வதா என்று முடிவெடுக்கும்போது முதலில் பார்ப்பது கேட்பது யார் என்பதை, அடுத்து ஏன் கேட்கிறார் என்பதை, பிறகு, எவ்வளவு நுணுக்கமாகச் சொன்னால் அவருக்கு உதவும் என்பதை.

பெண்களின் பாதுகாப்புக்கு இடத்தைப் பகிரும் சேவைகள் செய்திருக்கும் உதவி உண்மையானது. 2014 டிசம்பரில் டெல்லியில் வாடகைக் கார் பயணத்தில் நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, ஊபர் தன் செயலியில் அவசர பட்டனை 2015-ல் இந்தியாவில் சேர்த்தது. தமிழகக் காவல்துறையின் 'காவலன் எஸ்ஓஎஸ்' செயலி 2018-ல் வந்திருந்தாலும், 2019 நவம்பரில் ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் லட்சக்கணக்கானோர் அதைப் பதிவிறக்கினார்கள். பயம் பதிவிறக்கச் செய்யும். அந்தப் பயம் தணிந்த பின்னும் செயலி போனில் தங்க வேண்டுமென்றால், பட்டனை அழுத்தினால் ஆள் வருவார் என்ற அனுபவம் வேண்டும்.

அதே கருவி வீட்டுக்குள் கண்காணிப்பாகவும் மாறுகிறது. கல்லூரி விடுதியில் இருக்கும் பெண்ணிடம் நாள் முழுக்க லொகேஷனை ஆன் செய்து வைக்கச் சொல்லும் பெற்றோரும், மனைவியின் போனில் பின்தொடரும் செயலியை ஏற்றும் கணவரும் நம்மிடையே உண்டு. அதற்கு அக்கறை என்று பெயர் சூட்டுகிறார்கள். அந்தப் பெண்கள் போனைத் தோழியின் அறையில் விட்டுவிட்டு வெளியே போகக் கற்றுக்கொள்கிறார்கள். உண்மையான ஆபத்து வரும் நாளில் அவர்கள் கையில் போன் இருக்காது. பாதுகாப்பின் பெயரால் சுதந்திரத்தைப் பறித்தால் பாதுகாப்பும் போய்விடும்.

மறுக்க முடியாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம், வேண்டும் வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர்களைப் பற்றி. அந்த வாய்ப்பே இல்லாதவர்கள் பலர்.

நூறு நாள் வேலையில், பணித்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை இடமும் நேரமும் பதிவான புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமானது. ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காததாலோ செயலி முரண்டு பிடித்ததாலோ படம் ஏறாவிட்டால், மண் வெட்டியதற்கான வருகைப் பதிவே இல்லாமல் போகும் நிலை வந்தது. அந்த ஆண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் பல வாரங்கள் போராடினார்கள். சண்டிகரில் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் கையில் கட்டப்பட்ட ஜிபிஎஸ் கடிகாரத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இங்கெல்லாம் பயன்பாடு நூறு சதவீதம் என்று அறிக்கையில் எழுதலாம். அதை ஏற்பு என்று சொல்ல முடியாது.

கட்டாயம் நம்பிக்கையை எப்படிக் கெடுக்கும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 ஏப்ரல் 2 அன்று வந்த மத்திய அரசின் தொற்றுத் தடமறியும் செயலி 'ஆரோக்கிய சேது' 13 நாட்களில் 5 கோடிப் பதிவிறக்கங்களைத் தொட்டது. மே 1 அன்று வந்த அரசாணை எல்லா ஊழியர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு எழுந்த பின் மே 17 அன்று அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது.

சிங்கப்பூரின் 'டிரேஸ்டுகெதர்' செயலி இன்னும் தெளிவான பாடம். அது இடத்தைக்கூடப் பதியவில்லை. யாருக்கு அருகில் இருந்தோம் என்பதை மட்டும் புளூடூத்தில் குறித்துவைத்தது. தொற்றைக் கண்டறிய மட்டுமே அது பயன்படும் என்று 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொல்லியிருந்தார். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல்துறை அந்தத் தகவலைக் கேட்டுப் பெறலாம் என்பது நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. அரசை நம்பிப் பழகிய சிங்கப்பூரர்களிடமும் கோபம் கிளம்பியது. காவல்துறைக்கு அந்த அதிகாரம் தரும் சட்டப் பிரிவை முன்பு தான் நினைத்துப் பார்க்கவில்லை என்று அமைச்சர் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே, ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. ஒரு சூழலில் ஒரு காரணத்துக்காகக் கொடுத்த தகவல் வேறு சூழலுக்கு நழுவும்போதுதான் அந்தரங்கம் மீறப்படுகிறது என்கிறார் அறிஞர் ஹெலன் நிஸன்பாம். அது கண்ணெதிரே நடந்தது சிங்கப்பூரில்.

நம் நீதிமன்றமும் இதில் தெளிவாகப் பேசியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஜாமீனில் வெளிவரும் ஒருவர் கூகுள் மேப்ஸில் தன் இடத்தைக் காவல்துறைக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் நடமாட்டத்தையே இடைவிடாமல் பின்தொடரக் கூடாது என்றால், குற்றமே செய்யாத தொழிலாளியை அப்படிப் பின்தொடரும் முதலாளிக்கு எல்லை வேண்டாமா?

நான்கு புள்ளிகள் போதும்

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-ல் இவ்ஸ்-அலெக்சாண்டர் டி மோன்ஜாய் குழுவினர் 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் நடமாட்டத் தகவலை ஆராய்ந்தார்கள். பெயர் இல்லாத அந்தத் தகவலில், ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் கிடைத்தாலே 95 சதவீதம் பேரை மற்றவர்களிடமிருந்து தனியே பிரித்துவிட முடிந்தது. இரவு தங்கும் இடம் வீடு. பகலில் தங்கும் இடம் அலுவலகம். மற்றதெல்லாம் தானே வந்து சேரும்: எந்த மருத்துவமனை, எந்த வழிபாட்டுத் தலம், எந்தக் கட்சிக் கூட்டம்.

நிறுவனங்களும் சொன்ன சொல்லைக் காக்கவில்லை. லொகேஷன் ஹிஸ்டரியை அணைத்த பிறகும் கூகுள் வேறொரு அமைப்பின் வழியே இடத்தைச் சேமித்ததை 2018-ல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அணைத்துவிட்டோம் என்று நம்பியவர்களின் நம்பிக்கைக்கு விழுந்த அடி அது.

அழுத்தம் கொடுத்தால் மாற்றமும் வருகிறது. பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி என்ற தேர்வு 2019-ல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. துல்லியமான இடத்துக்குப் பதில் தோராயமான பகுதியை மட்டும் கொடுக்கும் வசதி 2020-ல் ஐபோனிலும் 2021-ல் ஆண்ட்ராய்டிலும் வந்தது. நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அரசு அமைப்புகளுக்கு அது கொடுத்திருக்கும் விலக்குகள் பெரிது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

'அனுமதி' பட்டனை அழுத்தும் முன்

• இந்தச் செயலி செய்யும் வேலைக்கு என் இடம் தேவையா? டாக்ஸிக்குத் தேவை. கால்குலேட்டருக்குத் தேவையில்லை.

• 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'எப்போதும்' என்பதை மிக அரிதாகவே கொடுங்கள்.

• வானிலை, செய்தி போன்றவற்றுக்குத் துல்லியமான இடம் வேண்டாம். தோராயமான இடமே போதும்.

• மாதம் ஒருமுறை போன் செட்டிங்ஸில் லொகேஷன் பகுதியைத் திறந்து, யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். மறந்துபோன செயலிகளை நீக்குங்கள்.

• வீட்டில் ஒருவரின் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் பின்தொடராதீர்கள்.

• அவசர உதவிச் செயலியை ஏற்றியதும், அதில் பதிந்திருக்கும் குடும்பத்தாரின் எண்கள் சரிதானா என்று சோதித்து வையுங்கள்.

யார் மாற வேண்டும்?

இந்த எச்சரிக்கையெல்லாம் அவசியம். ஆனால், பொறுப்பு முழுவதையும் போன் வைத்திருப்பவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. நம் மக்கள் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். உதவுவதை எடுத்துக்கொண்டார்கள், உதவாததை விட்டார்கள், அளவோடு கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். மாற வேண்டியவர்கள் கேட்பவர்கள்.

செயலி செய்பவர்கள், எதற்காக இடம் கேட்கிறோம் என்பதை ஒரே வரியில் நல்ல தமிழில் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் கேட்பதை நிறுத்த வேண்டும். அரசு, ஓர் உயிர்காப்புக் கருவியைக் கொடுக்கும்போதே அதன் தகவல் யாரிடம் போகாது என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் அமைக்கப்பட்ட இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நலவாரியம், டெலிவரி ஊழியர்களின் நடமாட்டத் தகவலை நிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிக்னல் இல்லை என்பதற்காக எந்தத் தொழிலாளியின் கூலியும் போகக் கூடாது.

எத்தனை கோடிப் பேர் தங்கள் செயலியைப் பதிவிறக்கினார்கள் என்று நிறுவனங்களும் அரசுகளும் பெருமையாக அறிவிக்கின்றன. லொகேஷன் தர மறுத்த பிறகும் எத்தனை பேர் எந்த இழப்பும் இல்லாமல் அந்தச் சேவையைப் பெற முடிகிறது என்பதையும் அவர்கள் அறிவிக்கட்டும். மக்களின் நம்பிக்கையை அளக்க அந்த எண்ணிக்கையே சரியான அளவுகோல்.